விமான மோதல் தவிர்ப்புக் கருவியின் தர்க்கத்தை எப்படிச் சோதிக்கிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு விமானங்கள் மயிரிழையில் தப்பின என்ற செய்தி வரும்போதெல்லாம் 'டிகாஸ்' என்ற பெயரும் கூடவே வருகிறது. கருவி இருந்ததா, ஒலித்ததா என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தக் கருவிக்குள் ஓடும் தர்க்கத்தை யார் எழுதினார்கள், அது சரி என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள், தவறியபோது எப்படித் திருத்தினார்கள் என்பதுதான் என்னை நெடுநாளாக ஈர்த்த பகுதி. அதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டிகாஸ் என்பது என்ன?

தரைக் கட்டுப்பாட்டைச் சாராமல், விமானத்தில் இருந்தபடியே அருகிலுள்ள மற்ற விமானங்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் கருவி. 1030 மெகாஹெர்ட்ஸில் அது கேள்வி அனுப்புகிறது. சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கின்றன. பதில் வந்து சேர எடுத்த நேரம் தூரத்தைக் காட்டும். உயரம் பதிலுக்குள்ளேயே இருக்கும்.

மற்றொரு விமானம் நெருங்கினால் முதலில் "டிராஃபிக், டிராஃபிக்" என்ற குரல் ஒலிக்கும். இதை விமானிகள் டி.ஏ. என்பார்கள். கண்ணால் தேடுங்கள், தயாராக இருங்கள் என்பது அதன் பொருள். ஆபத்து முற்றினால் "க்ளைம்ப், க்ளைம்ப்" அல்லது "டிசெண்ட், டிசெண்ட்" என்று கட்டளை வரும். இது ஆர்.ஏ. இரு விமானங்களிலும் கருவி இருந்தால் அவை தமக்குள் செய்தி பரிமாறி, ஒன்று ஏறவும் மற்றது இறங்கவும் ஏற்பாடு செய்துகொள்ளும்.

நம் நாட்டில் இதன் தேவை மிகக் கொடூரமான முறையில் உணரப்பட்டது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். இரண்டிலும் இந்தக் கருவி இல்லை. அதன் பிறகுதான் இந்தியா அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1986இல் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸ் நகருக்கு மேல் நடந்த மோதலுக்குப் பிறகு, 1987இல் சட்டம் வந்தது.

எவ்வளவு அருகில் வந்தால் அது ஆபத்து என்று கருவி முடிவு செய்கிறது?

தூரத்தைவிட நேரத்தைத்தான் அது பெரிதாகக் கொள்கிறது. இரு விமானங்களுக்கு இடையிலான தூரத்தை, அவை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மோதும் கட்டத்துக்கு எத்தனை விநாடி இருக்கிறது என்று கிடைக்கும். இந்த அளவுக்கு 'டௌ' என்று பெயர். 1950களில் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் மோரல் முன்வைத்த கருத்து இது.

20,000 அடிக்கு மேல் 48 விநாடியில் டி.ஏ., 35 விநாடியில் ஆர்.ஏ. நேருக்கு நேராக 900 நாட் வேகத்தில் நெருங்கும் இரு ஜெட் விமானங்களுக்கு 35 விநாடி என்பது ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கீழே வர வர இந்த நேரம் சுருங்குகிறது. 1,000 அடியைத் தாண்டியவுடன் ஆர்.ஏ.வுக்கு 15 விநாடிதான். விமான நிலையத்தைச் சுற்றி விமானங்கள் நெருக்கமாகவே பறக்க வேண்டியிருக்கிறது. அங்கும் 35 விநாடி வைத்தால் கருவி ஓயாமல் அலறும்.

இங்கேயே முதல் ஓட்டை தெரிந்தது. ஏறக்குறைய ஒரே திசையில் பறந்தபடி மெல்ல மெல்ல ஒட்டிவரும் இரு விமானங்களுக்கு நெருங்கும் வேகம் மிகக் குறைவு. அதனால் டௌ எப்போதும் பெரிய எண்ணாகவே இருக்கும். அவற்றுள் ஒன்று சட்டென்று திரும்பினால் எச்சரிக்க நேரம் இருக்காது. ஆகவே டௌ எவ்வளவு இருந்தாலும் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் எச்சரிக்க வேண்டும் என்று ஒரு தூர வரம்பையும் சேர்த்தார்கள்.

ஏன் ஏறு, இறங்கு மட்டும்? இடப்பக்கம் திரும்பு என்று சொல்லக் கூடாதா?

அதன் ஆன்டெனா பிற விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சுமாராகத்தான் அறியும். தூரமும் உயரமும் துல்லியம், திசை துல்லியமில்லை. துல்லியமில்லாத ஒன்றை நம்பி விமானத்தைத் திருப்பச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

விமானங்களை மோதவிட்டுப் பார்க்க முடியாதே, பிறகு எப்படிச் சோதிக்கிறார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இந்தத் துறையின் அரிய உழைப்பெல்லாம் இதன் பதிலுக்குள்தான் இருக்கிறது.

நடுவானில் மோதல் என்பது மிக மிக அபூர்வம். உண்மையான வானப் பயணங்களைப் பதிவு செய்து அவற்றில் கருவியை ஓட்டிப் பார்த்தால், பல ஆண்டுப் பதிவிலும் அது சோதனைக்கு உள்ளாகும் தருணங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே கிடைக்கும். எனவே சந்திப்புகளைச் செயற்கையாக உருவாக்க வேண்டும். மனம்போன போக்கில் உருவாக்கினால் வானில் ஒருபோதும் நடக்காத சந்திப்புகளுக்குத் தர்க்கத்தைச் சீர்செய்துகொண்டிருப்போம். அதனால் ரேடார் பதிவுகளிலிருந்து, எந்த உயரத்தில் எந்த வேகம் வழக்கம், ஏறும்போது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறார்கள், திருப்பமும் இறக்கமும் எவ்வளவு அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்பதற்கெல்லாம் ஒரு நிகழ்தகவு வலையைப் பின்னுகிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் இதைச் செய்தது. ஐரோப்பாவில் வான் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பு தன் வான்வெளிக்கென்று தனி மாதிரி வைத்திருக்கிறது. இரண்டு கண்டங்களிலும் போக்குவரத்தின் குணம் வேறு என்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்க முடியாது.

அந்த வலையிலிருந்து இலட்சக்கணக்கான சந்திப்புகளைக் கணினி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டுகிறது. முதலில் கருவி இல்லாமல், பிறகு கருவியோடு. பக்கவாட்டில் 500 அடிக்குள்ளும் உயரத்தில் 100 அடிக்குள்ளும் இரு விமானங்கள் வந்துவிட்டால் அதை மோதலுக்குச் சமமாகக் கணக்கில் வைக்கிறார்கள். கருவியோடு வரும் ஆபத்தைக் கருவியின்றி வரும் ஆபத்தால் வகுத்தால் கிடைப்பதே ஆபத்து விகிதம். அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

உண்மையான விமானங்களிலும் சோதித்தார்கள். 1981-82இல் பீட்மாண்ட் ஏர்லைன்ஸின் இரண்டு போயிங் 727 விமானங்களில் முன்மாதிரிக் கருவியைப் பொருத்தி, பயணிகளோடு வழக்கமான தடங்களில் பறக்கவிட்டார்கள். திரை மட்டும் விமானிகளின் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கருவி எப்போது பேசும், எதற்குப் பேசும் என்பதை அறிந்துகொண்ட பிறகே அதை விமானியின் முன் வைத்தார்கள். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆபத்து விகிதம் குறைந்தால் போதுமா?

போதாது. அந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு வகை மரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, மோதவிருந்த விமானங்களைக் கருவியால் காப்பாற்ற முடியாமல் போவது. மற்றொன்று, தானாகவே பத்திரமாகக் கடந்திருக்கக்கூடிய இரு விமானங்களைக் கருவி கட்டளையிட்டு மோதவைப்பது. நூறு பேரைக் காப்பாற்றி ஒருவரைக் கொல்லும் கருவியின் விகிதம் பார்க்க அழகாகவே இருக்கும். அதனால் இந்த இரண்டாவது வகையைத் தனியே பிரித்து, சந்திப்பு சந்திப்பாக ஆராய்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது புதிதாக எந்த மோதலை உண்டாக்கும் என்பதே.

இன்னொன்றும் உண்டு. கணினி ஒத்திகையில் விமானியும் ஒரு சூத்திரம்தான். கட்டளை வந்து 5 விநாடியில் அசைவார், கால் பங்கு ஈர்ப்பு முடுக்கத்தோடு மூக்கைத் தூக்குவார், நிமிடத்துக்கு 1,500 அடி ஏறுவார் என்பது தர்க்கத்துக்குள் இருக்கும் அனுமானம். விமானப் பதிவுக் கருவிகளைப் பார்த்தால் சிலர் தாமதிக்கிறார்கள், சிலர் தேவைக்கு மேல் இழுக்கிறார்கள், சிலர் கட்டளையைப் பின்பற்றுவதே இல்லை. இவர்களையும் மாதிரிக்குள் கொண்டுவந்த பிறகே விகிதத்துக்கு அர்த்தம் வந்தது.

கொஞ்சம் அதிகமாக எச்சரித்தால் என்ன கெட்டுவிடும்?

நம்பிக்கை கெட்டுவிடும். ஓர் உதாரணம். ஒரு விமானம் 30,000 அடியில் சமமாகப் பறக்கிறது. இன்னொன்று 29,000 அடியில் நிற்கும்படி அனுமதி பெற்று, நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் ஏறி வருகிறது. இடையே 1,000 அடி இருக்கப் போகிறது. எல்லாம் விதிப்படியே நடக்கிறது. ஆனால் அது 29,000இல் நிற்கப் போகிறது என்பது கருவிக்குத் தெரியாது. விநாடிக்கு 50 அடி ஏறும் விமானம் 1,750 அடி கீழே இருக்கும்போதே 35 விநாடி என்ற கோட்டைத் தொட்டுவிடும். கருவி அலறும். விமானியும் கட்டுப்பாட்டாளரும் எரிச்சலடைவார்கள். பத்து முறை இப்படி நடந்தால் பதினோராவது முறை கை தயங்கும்.

டிகாஸ் மென்பொருளின் 6.04ஏ, 7.0 பதிப்புகளின் வேலையில் கணிசமான பகுதி இத்தகைய வீண் எச்சரிக்கைகளைக் குறைப்பதற்கே செலவானது. பக்கவாட்டில் போதிய இடைவெளியோடு கடக்கப் போகும் விமானங்களை அடையாளம் கண்டு வாயை மூடிக்கொள்ளும் வடிகட்டி 7.0இல் வந்தது. மீதியை நடைமுறையால் சரிசெய்கிறார்கள்: கடைசி 1,000 அடியில் ஏற்ற இறக்க வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. இதையே தானாகச் செய்யும் வசதியை ஏர்பஸ் தன் ஆட்டோபைலட்டில் சேர்த்திருக்கிறது.

விமானி தேர்ந்தெடுத்த உயரத்தை டிகாஸுக்கே சொல்லிவிட்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. விமானி தவறான உயரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் காப்பாற்றத்தானே அந்தக் கருவி? யாருடைய நோக்கத்தையும் நம்பாமல் இருப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பது என் கருத்து.

2002இல் ஜெர்மனியில் இரு விமானங்கள் மோதிய யூபர்லிங்கன் விபத்தில் தர்க்கம் எங்கே தவறியது?

அதற்கு ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு அருகே, ஜப்பான் ஏர்லைன்ஸின் 907, 958 என்ற இரு விமானங்கள் நெருங்கின. 958ஐ இறக்க நினைத்த கட்டுப்பாட்டாளர் வாய் தவறி 907ஐ இறங்கச் சொன்னார். 907இன் டிகாஸ் ஏறச் சொன்னது. விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். 958 தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் கண்ணால் கண்டு தப்பினார்கள். சுமார் 100 பேர் காயமடைந்தார்கள்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேல் 36,000 அடியில் அதே அமைப்பு மீண்டும் வந்தது. ரஷ்ய டுபொலேவ்-154 விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் ஏறச் சொன்னது. குழுவினர் இறங்குவதைத் தொடர்ந்தார்கள். எதிரே வந்த டிஹெச்எல் சரக்கு போயிங் 757 தன் டிகாஸுக்குக் கீழ்ப்படிந்து இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். ரஷ்ய விமானப் பயணிகளில் பெரும்பாலோர் உஃபா நகரின் பள்ளிப் பிள்ளைகள்.

கட்டளையை மீறியது மனிதத் தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஒரு விமானம் கட்டளைக்கு எதிராகப் போகும்போது, மற்றதன் கட்டளையைத் தலைகீழாக மாற்றும் வசதி 7.0 பதிப்பில் ஏற்கெனவே இருந்தது. டிஹெச்எல் விமானத்துக்கு "இனி ஏறு" என்று அது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், இரு விமானங்களும் உயரத்தில் 100 அடிக்குள் ஒட்டியபடியே சேர்ந்து இறங்கும்போது, மாற்றுவதற்கான நிபந்தனை நிறைவேறவே இல்லை. யார் மேலே, யார் கீழே என்பது அவ்வளவு நெருக்கத்தில் உறுதியாகாது என்பதற்காக வைத்த வரம்பு, மிகத் தேவையான இடத்தில் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

என் மனத்தை இன்றும் அறுப்பது இதுதான்: இந்தக் குறையை யூரோகண்ட்ரோல் ஆய்வாளர்கள் விபத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். சி.பி. 112 என்ற திருத்த முன்மொழிவும் உருவாகியிருந்தது. அது கருவிகளில் இருந்திருந்தால் கட்டளை மாறியிருக்கும், குழுவினர் அதைப் பின்பற்றியிருந்தால் மோதல் நடந்திருக்காது என்று அவர்களது பகுப்பாய்வு சொன்னது.

அந்தத் திருத்தத்தைச் செய்வது அவ்வளவு கடினமா?

எழுதுவது எளிது, உறுதிப்படுத்துவது கடினம். மாற்றுக் கட்டளை தாமதமாக வந்தால், அதே கணத்தில் மற்ற விமானி மனம் மாறித் தன் பழைய கட்டளைக்குக் கீழ்ப்படியத் தொடங்கியிருந்தால், இப்போது இருவரும் ஏறுவார்கள். இருவரில் யாருக்கு மாற்றும் உரிமை என்பதும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். டிரான்ஸ்பாண்டர் முகவரி எண் சிறியதாக உள்ள விமானத்துக்கே அந்த உரிமை. எதிரே வருவதில் டிகாஸே இல்லாத சந்திப்புகளுக்கும் இந்தத் திருத்தம் பொருந்த வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, புதிய மோதல்களை உண்டாக்காமல், சி.பி. 112ஈ என்ற வடிவத்தில் அது 7.1 பதிப்பில் சேர்ந்தது. மற்ற விமானம் தன் கட்டளைப்படி நடக்கிறதா என்பதை இப்போது தர்க்கம் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

7.1க்கான தரநிலை 2008இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் புதிய விமானங்களுக்கு 2012 மார்ச் 1 முதலும் எல்லா விமானங்களுக்கும் 2015 டிசம்பர் 1 முதலும் கட்டாயமானது. விபத்திலிருந்து கணக்கிட்டால் 13 ஆண்டுகள். என்னைக் கேட்டால், சோதனைக்குச் செலவான காலம் நியாயம்; அதற்குப் பிறகு பொருத்துவதற்குக் கொடுத்த காலம் நீளம்.

7.1இல் வேறென்ன மாறியது?

ஒரு வாக்கியம் மாறியது. முன்பு "அட்ஜஸ்ட் வெர்ட்டிக்கல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று ஒரு கட்டளை இருந்தது. உன் ஏற்ற இறக்க வேகத்தைக் குறை என்பதே அதன் கருத்து. நிமிடத்துக்கு 2,000, 1,000, 500 அல்லது 0 அடி என்று நான்கு அளவுகள் உண்டு. ஆனால் குரலில் 'குறை' என்ற சொல்லே இல்லை. 'சரிசெய்' என்று மட்டும் கேட்ட சில விமானிகள் எதிர்த்திசையில் சரிசெய்தார்கள். ஏற்றத்தைக் குறைக்க வேண்டியவர்கள் கூட்டினார்கள். இந்த நான்கையும் எடுத்துவிட்டு "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்" என்ற ஒரே கட்டளையை வைத்தார்கள். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். சூத்திரங்களைக் கோடி முறை ஓட்டினாலும் இந்தப் பிழை வெளிப்பட்டிருக்காது. காதில் விழும் சொல்லும் தர்க்கத்தின் பகுதி என்பதை, பணியில் இருந்த விமானங்களின் பதிவுகளே காட்டிக்கொடுத்தன.

கட்டுப்பாட்டாளர் ஒன்று சொல்ல, டிகாஸ் வேறொன்று சொன்னால்?

ஆர்.ஏ.வைத்தான் பின்பற்ற வேண்டும். யூபர்லிங்கனுக்குப் பிறகு இதில் ஐயத்துக்கே இடமில்லாதபடி விதிகள் திருத்தப்பட்டன.

மென்பொருள் சோதனை வகுப்பில் 'டிகாஸ்' என்று ஒரு சிறு நிரல் வருகிறதே, அது இதுதானா?

இதன் மிகச் சிறிய துண்டு. சீமென்ஸ் தொகுப்பு என்று ஆய்வாளர்கள் அழைக்கும் நிரல்களில் ஒன்று அது. 173 வரிகள், வேண்டுமென்றே பிழை நுழைத்த 41 வடிவங்கள், 1,608 சோதனை உள்ளீடுகள். பிழை தேடும் உத்திகளை ஒப்பிடப் பயன்படுகிறது. உண்மையான டிகாஸின் விவரக்குறிப்பு எவ்வளவு சிக்கலானது என்றால், 1990களின் தொடக்கத்தில் அதை ஆங்கில உரைநடையில் எழுதும் முயற்சி கைவிடப்பட்டது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் நான்சி லெவ்சன் குழு, நிலைமாற்ற வரைபடங்களும் அட்டவணைகளும் கொண்ட முறைசார் மொழியில் எழுதிய வடிவமே நிலைத்தது.

டிகாஸுக்கு அடுத்த தலைமுறைக் கருவியான ஏகாஸ் எக்ஸ் இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

டிகாஸில் விதிகளை மனிதர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு விதி சேர்ந்து சேர்ந்து, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் நிலை வந்தது. ஏகாஸ் எக்ஸில் மனிதர்கள் விதிகளை எழுதுவதில்லை. எது எவ்வளவு கெட்டது என்று விலை வைக்கிறார்கள்: மோதலுக்கு மிகப் பெரிய விலை, வீண் எச்சரிக்கைக்குச் சிறிய விலை, கட்டளையை மாற்றுவதற்கு ஒரு விலை. பிறகு எல்லா நிலைகளுக்கும் எதிர்பார்க்கும் மொத்த விலை குறைவான முடிவைக் கணினி முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக்கிவிடும். விமானத்தில் அந்த அட்டவணையைப் பார்த்தால் போதும். பயணிகள் விமானங்களுக்கான வடிவத்தின் தரநிலை 2018இல் வெளியானது.

இதனால் சோதனை எளிதாகிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு விதி சரியா என்று பார்த்தோம்; இப்போது வைத்த விலை சரியா என்று பார்க்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும், எந்தக் கட்டளை எந்த நிலையில் பாதுகாப்பானது என்பதைக் கணித நிரூபணமாக எழுதி அட்டவணையோடு ஒப்பிட்டார்கள். சில இடங்களில் இரண்டும் முரண்பட்டன.

ஆளில்லா விமானங்களுக்கான வடிவத்தின் அட்டவணை மிகப் பெரியது. 2 ஜிகாபைட்டுக்கும் மேல். அதைச் சுருக்க, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி மாதிரிகளான நரம்பு வலைகள் 45ஐப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். சில மெகாபைட்டில் அடங்கியது. ஆனால் நரம்பு வலை எல்லா நிலையிலும் ஒழுங்காக நடக்குமா? 2017இல் ஸ்டான்ஃபோர்டு குழு 'ரெலுபிளெக்ஸ்' என்ற முறையால் அதன் சில பண்புகளை மெய்ப்பித்தது. சிலவற்றுக்கு எதிர்க்காட்டுகள் கிடைத்தன. கிடைத்த எதிர்க்காட்டுகளே எனக்கு அதிக மதிப்புள்ளவை.

தர்க்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் காப்பாற்ற முடியாத சந்திப்புகள் உண்டா?

உண்டு. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் கோல் நிறுவனத்தின் போயிங் 737உம் ஒரு சிறிய லெகசி ஜெட்டும் மோதி, போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். லெகசியின் டிரான்ஸ்பாண்டர் இயங்கவில்லை. பதில் சொல்லாத விமானம் டிகாஸின் கண்ணுக்கு இல்லாத விமானம்.

தரைக்கு அருகே இருப்பது வேறு வகைச் சிக்கல். சுமார் 1,000 அடிக்குக் கீழே ஆர்.ஏ. வராதபடி தர்க்கமே தடுத்துவைத்திருக்கிறது. தரையிறங்கும் விமானத்தை "இறங்கு" என்று சொல்லித் தரையில் மோதவைக்கக் கூடாது. ஓடுபாதை அருகே வீண் எச்சரிக்கைகள் குவியவும் கூடாது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்டும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, ஜெட்டின் கருவி "டிராஃபிக், டிராஃபிக்" என்று மட்டும் சொன்னது. வடிவமைத்தபடியேதான் நடந்துகொண்டது. ஏகாஸ் எக்ஸின் தர்க்கத்தால் அந்த உயரங்களிலும் பயனுள்ள எச்சரிக்கை தர முடியுமா என்ற கேள்வி அதன்பின் வலுவாக எழுந்திருக்கிறது. ஹெலிகாப்டர்களுக்கென்று ஏகாஸ் எக்ஸ்ஆர் என்ற வடிவமும் உருவாகிவருகிறது. அதற்கு வேண்டிய சந்திப்பு மாதிரிகள் வேறு. தாழ்வாக, மெதுவாக, ஆற்றங்கரையையும் சாலையையும் பார்த்துப் பறக்கும் ஹெலிகாப்டரின் பாதை, உயரே பறக்கும் ஜெட்டின் பாதையைப் போல இருப்பதில்லை.